பெயரில் மட்டும் மிஞ்சிய புல்வெளி

கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் பஸ் ஏறினால் முதலில் பேராதனை வரும். அதைத் தாண்டிச் சிறிது தூரத்தில் பிலிமத்தலாவை. அதற்கும் அப்பால் கடுகண்ணாவைக் கணவாய். பிலிமத்தலாவையில் இறங்கி நின்று சுற்றிப் பாருங்கள். வீதியின் இரு பக்கமும் கடைகள். இடையிடையே பித்தளைச் சாமான்கள் மின்னும் கண்ணாடி அலுமாரிகள். கடைகளுக்குப் பின்னால் வீடுகள். ஒவ்வொரு வீட்டையும் சுற்றிப் பலா, கமுகு, தென்னை, அவற்றில் ஏறிப் படர்ந்த மிளகுக் கொடி. எங்கு பார்த்தாலும் பச்சை. அந்தப் பச்சைக்குள் புல்வெளியை மட்டும் காணவில்லை.

ஊரின் பெயரோ புல்வெளி என்றுதான் சொல்கிறது. சிங்களத்தில் ‘பிலிம’ என்றால் சிலை. பாளியின் ‘படிமா’, நம் தமிழின் ‘படிமம்’ இரண்டுக்கும் அது உறவுச் சொல். ‘தலாவ’ என்றால் சமதரையான புல்வெளி. படிமம் இருந்த புல்வெளி என்பதுதான் பிலிமத்தலாவை. பெயர்ப்பலகை மூன்று மொழிகளில் நிற்கிறது; அதைக் கடந்து நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் போய்வருகிறார்கள். பலகை சொல்லும் நிலம் ஒன்று, கண் காணும் நிலம் வேறொன்று. இந்த இடைவெளி எப்படி உண்டானது, அதை எப்படிப் படிப்பது என்பதே இக்கட்டுரை.

காரணமும் இடுகுறியும்

பெயர்களைப் பற்றித் தமிழ் இலக்கணம் நெடுங்காலத்துக்கு முன்பே ஒரு பிரிவினை செய்து வைத்திருக்கிறது. காரணம் கருதி இட்ட பெயர் காரணப்பெயர். காரணம் எதுவும் இன்றி வழங்கும் பெயர் இடுகுறிப்பெயர். பறப்பதால் பறவை, அது காரணப்பெயர். மரம், மண் என்பவை இடுகுறி. நன்னூல் படித்த பிள்ளைகள் எல்லோரும் அறிந்த பாடம் இது.

ஊர்ப்பெயர்கள் அநேகமாகக் காரணப்பெயராகவே பிறக்கின்றன. முதலில் அங்கு வந்தவர் கண்ட மரமோ ஓடையோ பாறையோ மேடோ பெயராகிறது. பிறகு அந்தப் பெயர் வாயிலிருந்து வாய்க்குப் போகிறது. கேட்பவருக்கு ஓடை எதற்கு? எந்த ஊர் என்று தெரிந்தால் போதும். இரண்டு மூன்று தலைமுறையில் பெயர் தன் காரணத்தை உதறிவிட்டு வெறும் அடையாளமாகிவிடுகிறது. ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டுவர்ட் மில் 1843 இல் வெளியிட்ட தருக்க நூலில் இதற்கு டார்ட்மத் என்ற ஊரை எடுத்துக்காட்டினார். டார்ட் ஆற்றின் முகத்துவாரத்தில் இருப்பதால் அந்த ஊருக்கு அப்பெயர். நாளை மணல் மூடி முகத்துவாரம் விலகிப் போனாலும் ஊரின் பெயர் மாற வேண்டியதில்லை என்றார் அவர்.

பெயர் நிலைத்து நிற்பதற்கும் இதுவே காரணம். பொருளைச் சுமந்துகொண்டே இருந்திருந்தால், நிலம் மாறும்போதெல்லாம் பெயரையும் மாற்ற வேண்டி வந்திருக்கும். காரணத்தை மறந்ததால்தான் ஊர்ப்பெயர் உயிர் பிழைக்கிறது. பிழைத்த பெயருக்குள் பழைய காரணம் வித்துப்போல உறங்குகிறது.

நான்கு வகைப் புல்வெளி

சிங்கள மொழி புல்வெளிகளை ஒரே சொல்லால் அழைப்பதில்லை. மலைச்சரிவில் உள்ள புல்வெளி ‘பத்தன’. ஆங்காங்கே மரம் நிற்கும் புல்வெளி ‘தலாவ’. கிழக்கின் தாழ்நிலப் புல்வெளி ‘தமன’. வெள்ளநீர் தேங்கி வற்றும் புல்வெளி ‘வில்லு’. இலங்கையின் தாவரச் சூழலை ஆராய்ந்த அறிவியலாளர்கள் இந்தச் சொற்களை அப்படியே தம் கலைச்சொற்களாக எடுத்துக்கொண்டார்கள். மாடு மேய்த்தவனும் சேனை வெட்டியவனும் பிரித்துப் பார்த்த பிரிவு, ஆய்வுக்கூடத்திலும் செல்லுபடியானது.

இங்கிலாந்தில் ஊர்ப்பெயர் ஆய்வாளர் மார்கரெட் கெல்லிங் கண்டதும் இதைத்தான். குன்று, பள்ளத்தாக்கு என்று அகராதி ஒற்றைச் சொல்லில் முடித்துவிடும் இடத்தில், பழைய ஆங்கில ஊர்ப்பெயர்கள் பல சொற்களை வைத்திருந்தன. ஒவ்வொரு சொல்லும் நிலத்தின் ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்கு உரியது. அவரும் ஆன் கோலும் சேர்ந்து 2000 இல் வெளியிட்ட நூல் அந்த நுட்பத்தை நிறுவியது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நிலம் பிரித்த தமிழருக்கு இது புதிய செய்தியாக இராது.

அப்படியானால் பிலிமத்தலாவையில் புல்வெளி எப்படி வந்தது? இது ஈரவலயம். இங்கு பெய்யும் மழைக்கு, நிலத்தைச் சும்மா விட்டால் காடுதான் வளரும். இத்தகைய இடத்தில் புல் நிலைத்திருக்கத் தீ வேண்டும், மேய்ச்சல் வேண்டும், சேனைக்காக வெட்டி எரித்த தரை வேண்டும். எரிந்த தரையில் முதலில் தலைதூக்குவது மானாப்புல் போன்ற புற்கள். ஆண்டுதோறும் தீ வந்தால் மரக்கன்று கருகும். புல்லின் வேர் தப்பும். தீ நின்றாலோ, மனிதர் குடியேறி மரம் நட்டாலோ புல் தோற்றுவிடும். இன்று பிலிமத்தலாவையைச் சூழ்ந்து நிற்பது கண்டிப் பகுதிக்கே உரிய வீட்டுத்தோட்டம். பல அடுக்குகளாக மரமும் செடியும் கொடியும் கலந்து வளர்க்கும் இந்த முறை, வேளாண் காடு வளர்ப்பை ஆராய்வோர் உலகெங்கும் எடுத்துக்காட்டும் ஒன்று.

ஆகவே ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். ஊர்ப்பெயர் காட்டுவது ஆதி இயற்கையை என்று எண்ணிவிடக் கூடாது. மாறிக்கொண்டே இருக்கும் நிலத்தை ஒரு கணத்தில் பிடித்த படம் அது. அந்தப் புல்வெளிக்கு முன்பும் ஒரு காடு இருந்திருக்கும்.

காடு ‘கலை’ ஆன கதை

பிலிமத்தலாவையில் புல்வெளி போய் மரம் வந்தது. கண்டியின் மறுபுறம் கதை தலைகீழ். சிங்களத்தில் ‘கெலே’ என்றால் காடு. பல்லேகலை என்பது கீழ்க்காடு. இன்று அங்கே கைத்தொழில் வலயமும், 2009 இல் திறக்கப்பட்ட பன்னாட்டுக் கிரிக்கெட் மைதானமும் இருக்கின்றன. கண்டி நகருக்குள்ளேயே கட்டுக்கலை இருக்கிறது. ‘கட்டு’ என்றால் முள். முட்காடு இருந்த இடத்தில் இப்போது வீதி, கடை, செல்வ விநாயகர் கோயில். தலவாக்கலை என்ற பெயரில் தலாவையும் கலையும், அதாவது புல்வெளியும் காடும், இரண்டுமே இருக்கின்றன. ஊரைச் சுற்றி இருப்பதோ தேயிலை.

இந்தக் ‘கெலே’ எப்படிப் போனது என்பதற்கு ஆண்டுக்கணக்கு உண்டு. 1815 இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பு–கண்டி வீதியைப் போட்டார். கன்னொறுவையில் கோப்பியும் பயிரிட்டார். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் அரசுக்கு உரியதாகக் கருத வழி செய்தது. அந்த நிலம் தோட்டத் துரைமாருக்கு விலைபோனது. 1869 இல் கோப்பி இலைத்துரு நோய் தலைகாட்டியது. பின்னர் கோப்பி அழிந்த சரிவுகளைத் தேயிலை நிரப்பியது. முதல் வணிகத் தேயிலையை ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் 19 ஏக்கரில் நட்ட தோட்டத்தின் பெயர் லூல்கந்துர. விரால் மீன் ஓடை என்று பொருள். மீனின் பெயரைக் கொண்ட ஓடைக்கரை உலகத் தேயிலை வரைபடத்தில் ஏறியது.

அந்தக் காட்டை வெட்டியவர்களில் தமிழர் பலர். தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார் வழியே நடந்து வந்த மலையகத் தமிழரின் முன்னோர் அவர்கள். அவர்கள் நாவில் ‘கெலே’ என்பது ‘கலை’ ஆயிற்று. காடு என்ற பொருள் அந்த ஒலிமாற்றத்திலேயே மறைந்தது. காட்டை வெட்டியவரின் பேரப்பிள்ளைகள் கலை என்று எழுதினார்கள். அது காடு என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

மொழி மாறும்போது இப்படிப் பல பெயர்கள் வாய் மூடிக்கொள்கின்றன. ‘தொட்ட’ என்றால் ஆற்றுத்துறை. அது தமிழில் தோட்டை ஆனதும் நம் காது தோட்டத்தை நினைக்கிறது. கட்டுகஸ்தோட்டை மகாவலி கங்கையின் ஒரு துறை. முள்மரம் நின்ற துறை. ஓடம் போன இடத்தில் இன்று பாலம் இருக்கிறது. ‘தென்ன’ என்றால் மலையிடைச் சமதரை. தென்னேகும்புரவில் நாம் தென்னையைத் தேடினால் ஏமாந்துபோவோம். அது சமதரை வயல். தெய்யன்னவெல என்பது கடவுளின் வயல். கண்டி நகருக்குள் வீடுகள் நெருங்கிக் கிடக்கும் பகுதி இப்போது அது. ‘தெனிய’ என்றால் மலைகளுக்கு இடைப்பட்ட, நீர் ஊறும் தாழ்வான பள்ளநிலம். பேராதனையில் வரும் ‘தனை’ இந்தத் தெனியவே.

பெயர் நகர்வதும் உண்டு

நிலம் மாறுவதால் மட்டும் பெயர் பொருந்தாமல் போவதில்லை. பெயரே இடம் பெயர்வதும் உண்டு. இதற்குத் தெல்தெனியவை விடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 1985 இல் மகாவலியின் குறுக்கே 122 மீற்றர் உயர விக்டோரியா அணை எழுந்தபோது பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கியது. மக்கள் மேட்டில் புதிய நகரம் அமைத்தார்கள். பெயரையும் கூடவே எடுத்துப் போனார்கள். பள்ளத்தைச் சொல்லும் பெயர் இன்று மேட்டில் இருக்கிறது. அது சொன்ன பள்ளம் நீர்த்தேக்கத்தின் அடியில். மேலே பரந்து கிடக்கும் நீருக்கு ஓர் அரசியின் பெயர். அந்தப் பெயர் நிலத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆகவே அது என்றுமே பொய்யாகாது. மகாஎலிய, அதாவது பெருவெளி, என்ற மலைப்புல்வெளி ஹோர்ட்டன் ஆளுநரின் பெயரைப் பெற்றதும் இதே கதை. புகழுக்கு இட்ட பெயர் நிலத்துக்குச் சாட்சி சொல்லாது.

பெயர் சுருங்குவதும் உண்டு. ‘கந்த’ என்றால் மலை. மலைமேல் உள்ள நாடு என்ற பொருளில் வழங்கிய ‘கந்த உட ரட்ட’ என்பதன் முதல் சொல்லைப் போர்த்துக்கேயர் எடுத்துக்கொண்டார்கள். அது கண்டி ஆயிற்று. சிங்கள மக்கள் தலைநகரை மகாநுவர, பெருநகர், என்றே அழைக்கிறார்கள். ஒரு நாட்டின் பெயர் ஒரு நகரில் வந்து ஒடுங்கியதால், மலை என்று பெயர் கொண்ட நகரம் நான்கு புறமும் மலை சூழ்ந்த பள்ளத்தில் இருக்கிறது. அதன் நடுவே உள்ள ஏரியும் வயல் நிலத்தில் 1807 இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டியது.

பெயர் மனிதர் மேல் ஏறுவதும் உண்டு. அந்த மன்னனின் பிறப்புப் பெயர் கண்ணுசாமி. மதுரை நாயக்கர் வழி வந்தவன். 1798 இல் அவனை அரியணையில் ஏற்றிய முதன்மை அதிகாரி பிலிமத்தலாவை அதிகாரம். வரலாற்று நூல்களில் பிலிமத்தலாவை என்றால் அந்தக் குடும்பம். புல்வெளி ஒரு பிரபுவின் முகவரியானது; அதன் பிறகு யாரும் அச்சொல்லில் புல்லைத் தேடவில்லை.

பெயரை எப்படிச் சோதிப்பது?

ஊர்ப்பெயருக்குப் பொருள் சொல்வது எளிது. சரியாகச் சொல்வது கடினம். பேராதனைக்கு வழக்கமாகச் சொல்லும் விளக்கம் ‘பேர’ என்ற கொய்யா. கொய்யாப் பள்ளம் என்பார்கள். கொய்யா வெப்பமண்டல அமெரிக்காவின் மரம். 1492 இல் கொலம்பஸ் அட்லாண்டிக்கைக் கடக்கும் முன் ஆசியாவில் ஒரு கொய்யா கூட இல்லை. பேராதனையிலோ 1371 இல் மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் அவை நடத்தியதாக வரலாறு சொல்கிறது. ஆகவே இரண்டில் ஒன்றுதான் உண்மையாக முடியும். பெயர் கொய்யாவுக்குப் பிறகு வந்திருக்க வேண்டும். அல்லது பழைய ஒலி ஒன்றுக்குப் புதிய பழத்தைப் பின்னாளில் பொருத்தியிருக்க வேண்டும். ஒரு பழத்தின் பிறப்பிடம் ஊர்ப்பெயர் விளக்கத்தை இப்படிச் சோதித்துவிடுகிறது.

சோதிக்கப் பல வழிகள் உண்டு. முதலாவது, பெயரின் மிகப் பழைய வடிவத்தைத் தேடுவது. பிலிமத்தலாவைக்கு அருகிலேயே கடலாதெனிய, இலங்காதிலக ஆகிய விகாரைகள் உள்ளன. இரண்டும் 1344 ஐச் சேர்ந்தவை. கடலாதெனியவைக் கட்டிய சிற்பாசாரி தென்னிந்தியரான கணேஸ்வராசாரி. இலங்காதிலகவின் பாறையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. விகாரைகளுக்கு விட்ட நிலங்களைச் சொல்லும் இத்தகைய கல்வெட்டுகளும், கண்டிக் காலத்து நிலப் பதிவேடுகளும், 1800 இல் தொடங்கிய நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடங்களும் பெயர்களுக்கு வயது சொல்லும்.

இரண்டாவது வழி மண்ணைக் கேட்பது. மானாப்புல் போன்ற வெப்பநாட்டுப் புற்கள் கரியமில வாயுவை உட்கொள்ளும் முறை வேறு, பலா போன்ற மரங்களின் முறை வேறு. கரிமத்தில் 12, 13 என்ற எடையுள்ள இரு நிலையான அணுக்கள் உண்டு. மரங்கள் கனமான 13 ஐப் பெரிதும் ஒதுக்கிவிடும். இப்புற்கள் அவ்வளவு ஒதுக்குவதில்லை. ஒரு பொது நியமத்தை விட 13 ஆயிரத்தில் எவ்வளவு குறைவு என்று அளந்தால் மரங்களுக்குச் சுமார் 27, இப்புற்களுக்குச் சுமார் 12. செடி மக்கி மண்ணான பின்னும் இந்த வேறுபாடு தங்கும். ஆழத் தோண்டிய ஒரு குழியில், மேல்மண் மரம் என்றும் அடிமண் புல் என்றும் சொன்னால், ‘தலாவ’ உண்மை பேசியது என்று அறியலாம். புற்களின் உடலில் உருவாகும் நுண்ணிய சிலிக்காத் துகள்களும் மண்ணில் அழியாமல் கிடக்கும். சேற்றில் புதைந்த மகரந்தமும் அப்படியே. ஹோர்ட்டன் சமவெளியின் கரிச்சேற்றிலிருந்து எடுத்த மகரந்தத்தைக் கொண்டு 20,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தாவர வரலாற்றை ஆய்வாளர்கள் படித்திருக்கிறார்கள்.

நகராத ஒரு முளை

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். கனடாவில் பணியாற்றும் மீன்வள அறிவியலாளர் டேனியல் பாலி 1995 இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒவ்வொரு தலைமுறையும் தான் சிறுவயதில் கண்ட கடலையே இயல்பான கடல் என்று எடுத்துக்கொள்கிறது. அதிலிருந்து எவ்வளவு குறைந்தது என்று மட்டும் அளக்கிறது. அடுத்த தலைமுறைக்கு அந்தக் குறைந்த கடலே தொடக்கம். அளவுகோலின் பூச்சியம் இப்படி நகர்ந்துகொண்டே போவதால், மொத்த இழப்பு எவர் கணக்கிலும் சேர்வதில்லை.

மலைநாட்டிலும் இதுவே நடக்கிறது. தேயிலைக்குள் பிறந்தவருக்குத் தேயிலையே மலையின் இயல்பு. ஊர்ப்பெயர் மட்டும் தலைமுறையோடு நகராமல், அடித்த இடத்திலேயே நிற்கும் முளையாக இருக்கிறது. ‘கலை’ என்ற பெயர் உள்ள இடங்களை எல்லாம் வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். வெட்டிய காட்டின் எல்லை தெரியும். இங்கிலாந்தில் பெவர்லி என்ற ஊரின் பெயர் பீவர் என்ற நீர்விலங்கின் ஓடையைக் குறிக்கிறது. அவ்விலங்கு பிரிட்டனில் சுமார் 16 ஆம் நூற்றாண்டோடு அற்றுப்போனது. இப்போது அதை மீண்டும் ஆறுகளில் விடுகிறார்கள். முன்பு எங்கெல்லாம் வாழ்ந்தது என்பதற்கு ஊர்ப்பெயர்களும் சாட்சி.

கொழும்பின் கறுவாத்தோட்டத்தில் கறுவாத் தோட்டம் இல்லை. சென்னை மாம்பலத்தில் ஏரிப் பார்வை என்று ஆங்கிலத்தில் பெயர் கொண்ட வீதியிலிருந்து எந்த ஏரியையும் பார்க்க முடியாது. நீண்ட ஏரியை வற்றவைத்து 1920களில் தியாகராய நகரை எழுப்பினார்கள். கண்டியில் பெயரும் நிலமும் இன்னும் பொருந்தி நிற்கும் இடமும் ஒன்று உண்டு. தலதா மாளிகைக்குப் பின்னால் உள்ள உடவத்தகலை இன்றும் காடுதான். 1856 இல் அதை ஒதுக்குக் காடாக்கினார்கள். 1938 இல் சரணாலயமாக அறிவித்தார்கள். பெயர் காட்டைக் காக்கவில்லை, சட்டம் காத்தது. காடு இருப்பதால் பெயர் இன்னும் மெய் பேசுகிறது.

பெயரின் பொருள் உயிர்காக்கும் செய்தியாகவும் ஆகலாம். தெனிய என்பது மலைநீர் இறங்கி ஊறும் இடம். அங்கே வயல் இருந்தால் நீர் தேங்கி மெல்ல வடியும். மண் கொட்டி நிரப்பி வீடு கட்டினால், நீருக்கு அந்தப் பழைய முகவரி மறக்காது. வயல் நிலத்தை அனுமதியின்றி நிரப்புவதை 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் தடுக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைக் கடந்தபோது மலைநாட்டில் வெள்ளமும் மண்சரிவும் ஒருசேர வந்தன. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. எந்தச் சரிவு ஆபத்தானது என்பதைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் வரைபடங்கள்தான் சொல்ல முடியும். ஊர்ப்பெயர் அந்த வேலையைச் செய்யாது. ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதை ஊர்ப்பெயர் நினைவூட்டும்.

மலையகத்தில் வாழும் தமிழராகிய நாம் பக்கத்து மொழியின் பெயர்களுக்குள் வீடு கட்டி இருக்கிறோம். அந்தப் பெயர்களைப் படிக்கச் சில சொற்கள் போதும். கெலே என்றால் காடு. வெல என்றால் வயல். தெனிய என்றால் ஈரப்பள்ளம். தொட்ட என்றால் துறை. தென்ன என்றால் மலைச்சமதரை. தலாவ என்றால் புல்வெளி. ஒரு பாடவேளையில் பிள்ளைகளுக்குக் கற்பித்துவிடலாம். தோட்டங்களுக்கு நம் மூத்தவர்கள் தமிழில் இட்டு வழங்கிய பெயர்களையும், அவற்றின் காரணம் தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே, கேட்டு எழுதி வைக்க வேண்டும். அது தள்ளிப்போடக்கூடிய வேலை அல்ல.

உங்கள் ஊர்ப் பெயரின் கடைசிச் சொல் என்ன என்று இன்றைக்கே வீட்டில் உள்ள பெரியவரிடமோ சிங்களம் தெரிந்த அயலவரிடமோ கேளுங்கள். அது தெனிய என்று முடிந்தால், அங்கே அத்திவாரம் வெட்டும் முன் ஒரு மழைக்காலத்தில் போய் நின்று பாருங்கள்.